இணையத்தில் நம்மைப் போல யோசிப்பவர்களைப் பேச்சை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆயா வீட்டு ஓடு ஒழுக ஆரம்பித்த வருஷம், சுண்ணாம்புச் சாந்தும் நாட்டு ஓடும் தெரிந்தவர்கள் இணையத்தில் எங்கேயாவது கூடிப் பேசுவார்களா என்று தேடத் தொடங்கினேன். பெயரில் 'செட்டிநாடு' இருந்த குழு எல்லாவற்றிலும் சேர்ந்தேன். மூன்று மாதம் அதிலேயே போனது. கிடைத்ததெல்லாம் கோழிக் குழம்பு வீடியோ, சுற்றுலா வந்தவர்கள் எடுத்த தூண் படங்கள், வீடு விற்பனை விளம்பரம். எனக்கு வேண்டியவர்கள் கூடியிருந்த இடத்தின் பெயரில் செட்டிநாடு என்ற சொல்லே கிடையாது. அங்கே ஒருவர், "வளவுல தண்ணி நிக்குது, கல்லைப் பெயர்க்காம வாட்டம் எடுக்க முடியுமா?" என்று கேட்டிருந்தார். வளவு என்றால் என்ன, எந்தக் கல் என்றெல்லாம் அவர் விளக்கவில்லை. பதில் சொன்ன ஆறு பேரும் அதைக் கேட்கவில்லை.

அந்த ஒரு வரியிலிருந்து பிடித்துக்கொண்ட முறைதான் இது. அப்புறம் காரைக்குடியிலும் சுற்றுவட்டத்திலும் சிலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்: கொட்டான் (பனையோலைக் கூடை) முடைகிற ஓர் அக்கா, பழைய மங்குச் சாமான் சேர்க்கிற ஒரு தம்பி, மொழியியல் படிக்கிற இரண்டு பிள்ளைகள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கினார்கள், அதனால் அந்த இடங்களை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். உதாரணங்கள் எங்கள் பக்கத்தவை. ஆனால் மாடித்தோட்டம் போடுபவரானாலும் சரி, சதுரங்கம் ஆடுபவரானாலும் சரி, செய்ய வேண்டிய வேலை இதேதான்.

முன்கூட்டியே வேண்டியவை அதிகமில்லை. ஒரு நோட்டு, தமிழ் விசைப்பலகை உள்ள போன், எண்ணும் கட்டத்துக்கு ஒரு கணினி, தினம் அரைமணி நேரம் வீதம் இரண்டு வாரம். அவசரப்பட்டு இரண்டு நாளில் முடிக்கப் பார்த்தால் 5-ஆம் படியில் மாட்டிக்கொள்வீர்கள்.

1. தேடுவதற்கு முன் உங்கள் பேச்சை எழுதி வையுங்கள்

முதல் வேலை தேடுவது கிடையாது. உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை, அது தெரிந்த ஒரு கொத்தனாரிடமோ சித்தியிடமோ நேரில் சொன்னால் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே பத்து வாக்கியம் எழுதுங்கள். இலக்கணம் பார்க்க வேண்டாம். "முகப்புல பூச்சு உதிருது", "நாட்டு ஓடு பிரிச்சு மேயணும், ஆள் கிடைக்கல", "சிமெண்ட் வச்சுப் பூசுனா செவுரு வேர்க்குது" என்று வந்தபடி வரட்டும்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாலு குழுவைப் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தால், அங்கே படித்த சொற்கள் உங்கள் கைக்குள் வந்துவிடும். கல்லூரிப் பிள்ளைகள் இருவரும் முதல் நாளே தேடிவிட்டு வந்தார்கள். அவர்கள் எழுதிய பட்டியலில் 'பாரம்பரியம்', 'கலைநயம்', 'அரண்மனை போன்ற' என்று சுற்றுலாக் கையேட்டுச் சொற்களாக இருந்தன. வீட்டில் யாரும் தன் வீட்டை அப்படிச் சொல்வதில்லை. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினோம்.

2. சொற்களை மூன்று கூறாகப் பிரியுங்கள்

எழுதியதை வைத்துக்கொண்டு மூன்று பட்டியல் போடுங்கள்.

முதல் பட்டியல் பொதுச்சொல்: வீடு, ஓடு, சுவர், மழை. இவற்றை எல்லோரும் சொல்வார்கள், இவற்றை வைத்து யாரையும் பிரித்தறிய முடியாது.

இரண்டாவது உள்வட்டச் சொல், அதாவது அந்த வேலையில் கை வைத்தவர் மட்டும் சாதாரணமாகச் சொல்வது. வீடென்றால் வளவு, பட்டாலை, இரண்டாங்கட்டு, வாட்டம், சாந்து, கடுக்காய்த் தண்ணி. சமையலென்றால் மண்டி, கும்மாயம், கவுனி. இந்தப் பட்டியலில் பத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வரவில்லையென்றால் அந்த வேலை தெரிந்த ஒருவரிடம் அரைமணி நேரம் பேசிவிட்டு வாருங்கள்.

மூன்றாவது பேச்சின் சாயல்: எப்படிக் கூப்பிடுகிறோம், வாக்கியத்தை எப்படி முடிக்கிறோம், சந்தேகத்தை எப்படிக் கேட்கிறோம். புதிதாக வருபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் இது சொல் மாதிரியே கண்ணில் படாது. ஆனால் கூட்டத்தைக் கூட்டத்திலிருந்து பிரிப்பதில் இதற்கும் பங்குண்டு. 2013-இல் லண்டன் ராயல் ஹாலோவே, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் ட்விட்டரில், யார் யாருக்கு எழுதுகிறார்கள் என்பதை வைத்து முதலில் கூட்டங்களைப் பிரித்துவிட்டு, ஒவ்வொன்றின் சொற்களையும் எடுத்துப் பார்த்தார்கள். சொற்களை மட்டும் வைத்தே ஒருவர் எந்தக் கூட்டத்தவர் என்று 80 விழுக்காடு வரை சரியாகச் சொல்ல முடிந்தது. சொல்லின் கடைசி எழுத்துகூடக் காட்டிக்கொடுத்தது: பாடகர் ஜஸ்டின் பீபரின் ரசிகர்கள் 'ப்ளீஸ்' மாதிரியான ஆங்கிலச் சொற்களின் கடைசியில் இரண்டு 'ஈ' (ee) போட்டு நீட்டுவது வழக்கமாக இருந்தது.

3. ஒவ்வொரு சொல்லையும் நாலைந்து விதமாக எழுதித் தேடுங்கள்

உள்வட்டச் சொற்களை மட்டும் எடுத்துத் தேடுங்கள். தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவர்களுக்காக ஒருமுறை. 'ஆச்சி' என்பதை ஆங்கில எழுத்தில் ஓர் 'ஏ' போட்டு அடிப்பவரும் உண்டு, இரண்டு 'ஏ' போட்டு அடிப்பவரும் உண்டு. பேச்சு வடிவத்தையும் சேருங்கள்: சுவர் மட்டும் போதாது, செவுரும் வேண்டும்.

வேற்றுமை உருபும் மறக்கக் கூடாது. மக்கள் 'வளவு' என்று தனியாக எழுதுவதைவிட வளவுல, வளவுக்கு, வளவை என்று எழுதுவதுதான் அதிகம். முழுச்சொல்லாக மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். சரி, 'வளவ' என்று அடிவரைக்கும் தேடலாமே என்றால், வளவன் என்று பெயருள்ளவர்கள் எல்லோரும் வந்து நிற்பார்கள். அதனால் உருபு சேர்ந்த வடிவங்களை ஒவ்வொன்றாக எழுதித் தேடுவதுதான் நல்லது. அலுப்பான வேலைதான், ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும்.

எங்கே தேடுவது? ஃபேஸ்புக் பொதுக்குழுக்கள், டெலிகிராம் பொதுச் சேனல்கள், ரெடிட். இவற்றையெல்லாம்விட யூடியூப் வீடியோக்களின் கீழே இருக்கும் கருத்துகளை நான் அதிகம் நம்புகிறேன். வாட்ஸப் குழுக்களை வெளியிலிருந்து தேட முடியாது, ஆனால் அந்தக் குழுக்களில் இருக்கிற ஆட்கள் யூடியூபில் கொத்து வேலை வீடியோவுக்குக் கீழே வந்து, "சாந்துல மணல் கூடிப்போச்சு" என்று எழுதிவிட்டுப் போவார்கள். அந்த ஆளைப் பிடித்தால் குழு கிடைக்கும்.

4. ஒரே சொல், வேறு ஊர்: இந்தப் பொறியைத் தாண்டுங்கள்

அதிக நேரம் வீணாவது இங்கேதான். எங்கள் பக்கம் வளவு என்றால் முகப்பைத் தாண்டி உள்ளே போனால் வருகிற, நடுவில் வானம் பார்த்த முற்றமும் சுற்றிலும் தூண் வரிசையுமாக இருக்கிற பகுதி. யாழ்ப்பாணத்தில் வளவு என்றால் வீட்டைச் சுற்றியுள்ள காணி. "வளவு துப்புரவாக்கினோம்" என்று ஒருவர் எழுதியிருந்தால் அவர் இலைசருகு கூட்டியிருப்பார், கல் துடைத்திருக்க மாட்டார்.

மங்குச் சாமான் சேர்க்கிற தம்பிக்கு நடந்தது இன்னும் மோசம். மங்கு என்று அவன் தேடியது, பர்மா மலாயா போய்வந்த காலத்தில் இறங்கிய பீங்கான் பூச்சுத் தட்டு, தூக்கு, கிண்ணி. வந்து குவிந்தது முகத்தில் விழும் கருந்திட்டுக்கு வீட்டு வைத்தியம். அதற்கும் மங்கு என்றுதான் பெயர். ஒரு வாரம் கழித்துத்தான் என்னிடம் வந்தான். 'மண்டி' என்று தேடினால் காய்கறி மொத்தச் சந்தையும் அரபுச் சோறும் வரும், அரிசி களைந்த தண்ணீரில் வைக்கிற வெண்டைக்காய் மண்டி எங்கோ அடியில் கிடக்கும். 'புள்ளி' என்று தேடினால் கோலம், கிரிக்கெட், தேர்தல் எல்லாம் வரும். நகரத்தார் ஊர்களில் குடும்பத் தலைக்கட்டுக் கணக்குக்கும் புள்ளி என்று பெயர் என்பது தேடுபொறிக்கு எப்படித் தெரியும்?

தாண்டுவதற்கு வழி ஒன்றுதான்: சொல்லைத் தனியாகத் தேடாமல் அதன் துணைச்சொல்லோடு சேர்த்துத் தேடுங்கள். மங்கு தட்டு, மங்கு தூக்கு. வளவு தூண், வளவு ஓடு. வெண்டைக்காய் மண்டி. இரண்டு உள்வட்டச் சொற்கள் ஒரே பதிவில் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் நமக்கு வேண்டிய பொருளில்தான் வரும். வேண்டாத சொல்லைக் கழித்துத் தேடும் வசதி இருந்தால் 'முகம்', 'க்ரீம்' இரண்டையும் கழித்துவிடுங்கள்.

5. மாதிரி எடுங்கள், ஆனால் மேலே மிதப்பதை எடுக்காதீர்கள்

இப்போது கையில் ஐந்தாறு இடங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் சுமார் 200 பதிவுகளோ கருத்துகளோ எடுத்து ஒரு கோப்பில் போடுங்கள். எடுக்கும்போது மூன்று விஷயம் முக்கியம்.

அதிக விருப்பம் வாங்கிய பதிவுகளை மட்டும் எடுக்கக் கூடாது. அவை வெளியாளுக்காக எழுதியவை, அதனால்தான் வெளியாட்கள் வந்து விருப்பம் போட்டிருக்கிறார்கள். கீழே நாலாவது, ஐந்தாவது பதிலில் இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்வதுதான் அந்தக் கூட்டத்தின் உண்மையான பேச்சு.

ஒரே ஆளிடமிருந்து பத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. எல்லாக் குழுவிலும் ஓயாமல் எழுதுகிற ஒருவர் இருப்பார். அவர் சொல்லெல்லாம் குழுவின் சொல்லாகிவிடும்.

பல மாதங்களிலிருந்து எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஓடு ஒழுகாத வீடு கிடையாது, எல்லாக் குழுவிலும் அதே புலம்பல் இருக்கும். ஆடியில் சமையல் குழு முழுக்கக் கும்மாயம், கார்த்திகைக்குப் பிறகு பிள்ளையார் நோன்பு. ஒரு குழுவை மழையிலும் இன்னொன்றைப் பங்குனி வெயிலிலும் எடுத்து ஒப்பிட்டால், நீங்கள் அளப்பது பருவத்தைத்தான்.

இன்னொரு கோப்பும் வேண்டும்: ஒப்பீட்டுக் கோப்பு. உங்கள் விஷயத்துக்குச் சம்பந்தமே இல்லாத, ஆனால் அதே மாதிரித் தமிழில் பேசுகிற ஒரு பொதுக்குழுவின் பதிவுகள். இது இல்லாமல் எண்ணி ஒரு பயனும் இல்லை, ஏன் என்பது 7-இல் வரும்.

மூடிய குழுவில் இருப்பதை எடுத்து வெளியே வைக்காதீர்கள். வாட்ஸப் உரையாடலைக் கோப்பாக இறக்கும் வசதி இருக்கிறதே என்பதற்காக நாற்பது பேரின் வீட்டுப் பேச்சை இறக்கக் கூடாது. அங்கே நோட்டில் சொல்லை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். பொதுவெளியில் எடுத்ததிலும் பெயர்களை நீக்கிவிட்டு 'ஆள் 1', 'ஆள் 2' என்று போடுங்கள்.

6. கோப்பைச் சுத்தம் செய்யுங்கள்

பகிர்ந்த செய்திகள், வாழ்த்துகள், ஒரே பத்தி பத்துத் தடவை ஒட்டியது, எல்லாவற்றையும் நீக்குங்கள். ஒரு ஃபார்வர்டு ஐந்து குழுவுக்குப் போயிருந்தால் ஐந்தும் ஒன்றுபோலப் பேசுவதாகக் கணக்கு வரும்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத சிக்கல். 'கொட்டான்' என்பதில் உள்ள 'கொ' யூனிகோடில் இரண்டு விதமாகப் பதிவாகலாம்: ஒகரக் குறியை ஒற்றைக் குறியாக வைப்பது ஒன்று, கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான், ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வேறு சொல். கொட்டான் அக்காவின் கோப்பில் அந்தச் சொல் இரண்டு வரிசையாகப் பிரிந்து கிடந்தது, நாங்கள் அரைநாள் விழித்தோம். யூனிகோடு சீராக்கம் என்று ஒரு கட்டளை இருக்கிறது. எண்ணுவதற்கு முன் அதை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

பைத்தான் நிரல்மொழியில் எண்ணுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சொல் பிரிக்க வழக்கமாகப் போடுகிற குறியீடு தமிழின் உயிர்க்குறிகளையும் மெய்ப்புள்ளியையும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளாது, 'சாந்து' என்பதைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். இடைவெளியை வைத்துப் பிரித்துவிட்டு நிறுத்தக்குறிகளைத் தனியாக நீக்குவது பத்திரம். ஆன்ட்காங்க் (AntConc) மாதிரி சொல் எண்ணித் தருகிற இலவச மென்பொருளிலும் அமைப்புகளுக்குள் போய், சொல் என்பதில் துணைக்குறிகளும் சேரும்படி வைத்துவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

7. எண்ணுங்கள்

ஒரு குழுவில் எந்தச் சொல் அதிகம் என்று மட்டும் பார்த்தால் 'ஒரு', 'இந்த', 'என்று' இவைதான் மேலே வரும், எல்லாக் குழுவிலும். வெறும் எண்ணிக்கை ஒன்றும் சொல்லாது. இந்தக் குழுவில் மற்ற இடத்தைவிட எத்தனை மடங்கு என்பதுதான் கேள்வி. ஒப்பீட்டுக் கோப்பு எதற்கு என்றால் இதற்குத்தான்.

கணக்கை ஓர் உதாரணத்தில் போடுவோம். குழுவின் கோப்பில் 4,000 சொற்கள், அதில் 'சாந்து' 12 தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுக் கோப்பில் 10,000 சொற்கள், 'சாந்து' 2 தடவை. ஒப்பீட்டில் ஒருமுறைகூட வராத சொல் இருந்தால் வகுக்க முடியாது, அதனால் எல்லாச் சொல்லுக்கும் இரண்டு பக்கமும் 1 கூட்டிக்கொள்ளுங்கள். 13-ஐ 4,000-ஆல் வகுத்தால் ஆயிரத்துக்கு 3.25. 3-ஐ 10,000-ஆல் வகுத்தால் ஆயிரத்துக்கு 0.3. ஆக, கிட்டத்தட்ட 11 மடங்கு.

மடங்கு பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. அந்தச் சொல்லை எத்தனை வேறு ஆட்கள் சொன்னார்கள் என்று பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள். பன்னிரண்டும் ஒரே கொத்தனார் சொன்னதென்றால் அங்கே ஒரு நல்ல கொத்தனார் இருக்கிறார், கூட்டம் இல்லை. மூன்று பேருக்குக் குறைந்தால் நான் அந்தச் சொல்லைக் கழித்துவிடுவேன். உருபு சேர்ந்த வடிவங்களை ஒரே வரிசையில் கூட்டவும் மறக்காதீர்கள், சாந்து, சாந்துல, சாந்தை எல்லாம் ஒன்றுதான்.

8. விளக்குகிறார்களா, விளக்காமல் பேசுகிறார்களா?

கணக்கு உங்களுக்கு இரண்டு மூன்று குழுவைக் காட்டும். அதில் எது உங்கள் இடம் என்பதைக் கணக்கு சொல்லாது. 'வளவு' என்ற சொல் சுற்றுலாப் பக்கத்திலும் நிறைய வரும். அங்கே அது இப்படி வரும்: "வளவு எனப்படும் நடுமுற்றத்தில் பர்மா தேக்குத் தூண்கள் கம்பீரமாக நிற்கின்றன." நாம் தேடுகிற இடத்தில் இப்படி வரும்: "வளவுத் தூண் அடியில கரையான், என்ன பண்ணலாம்?"

'எனப்படும்', 'என்று அழைக்கப்படும்', 'அதாவது' என்ற சொற்களை வட்டம் போடுங்கள். ஒரு உள்வட்டச் சொல்லுக்குப் பக்கத்தில் இவை வந்தால் பேசுபவர் வெளியாளைப் பார்த்துப் பேசுகிறார். வராவிட்டால் தன் ஆட்களைப் பார்த்துப் பேசுகிறார். மடங்கு குறைவாக இருந்தாலும் விளக்காமல் பேசுகிற குழுவைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன், இதுவரை அதில் ஏமாந்ததில்லை.

இரண்டாவது அடையாளம் சுருக்கம். தெரிந்தவர்கள் சொல்லைக் குறுக்குவார்கள். வெளியே 'ஆத்தங்குடி டைல்ஸ்' என்பார்கள், அதைப் பதிக்கிறவர்களும் தினம் துடைக்கிறவர்களும் வெறுமனே 'கல்லு' என்பார்கள், அந்த வீட்டில் வேறு கல் ஏது? அதனால் உங்கள் பட்டியலில் ஒரு நீளமான பெயர் இருந்தால், அந்தக் கூட்டம் அதை எப்படிக் குறுக்கியிருக்கும் என்று யோசித்து அதையும் எண்ணுங்கள்.

மூன்றாவது, எனக்குப் பிடித்தது: எதற்காகத் தர்க்கம் நடக்கிறது என்று பாருங்கள். வெளியாட்கள் பாராட்டுவார்கள். உள்ளே இருப்பவர்கள் சின்ன விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஒரு வெண்டைக்காய் மண்டிப் படத்துக்குக் கீழே நாற்பது பேர் 'சூப்பர்' போட்டிருந்தார்கள், அது எதையும் காட்டவில்லை. வேறோர் இடத்தில் அதே மண்டிக்கு அரிசி களைந்த முதல் தண்ணியை ஊற்றலாமா, இரண்டாம் தண்ணிதான் ஊற்ற வேண்டுமா என்று மூன்று பேர் ராத்திரி பதினொரு மணிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் தண்ணியில் தவிட்டு வாடை இருக்கும் என்பது ஒருவர் கட்சி, நன்றாக அலசின அரிசியென்றால் அப்படி வராது என்பது இன்னொருவர் கட்சி, மூன்றாமவர் புளி கரைக்கும் அளவில் வந்து நின்றார். சமையலுக்கு ஆள் தேடுகிறவர் சேர வேண்டியது அந்த இடத்தில்தான்.

9. கூப்பிடும் முறையைப் பாருங்கள்

அண்ணே, அக்கா, ஆச்சி, சார், ப்ரோ, நண்பர்களே: ஒவ்வொரு குழுவிலும் எது ஓங்கியிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். 'நண்பர்களே' என்று தொடங்கும் பதிவுகள் நிறைந்த இடத்தில் ஒருவர் மேடையில் நிற்கிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள். 'அண்ணே, நீங்க போன மாசம் போட்டீங்களே' என்று தொடங்கினால் அங்கே ஆட்களுக்கு ஆட்களைத் தெரியும். விற்பனைக் குழுவில் 'சார் ரேட்?', 'நம்பர் ப்ளீஸ்' இரண்டும் அடிக்கடி வரும், அதைப் பார்த்ததும் வெளியே வந்துவிடலாம்.

10. புதியவர்களின் பேச்சு மாறுகிறதா?

ஒரு கூட்டம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ஆறு மாதத்துக்குள் சேர்ந்த ஒருவரின் முதல் பதிவையும் அண்மைப் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் 'டைல்ஸ்' என்றவர் இப்போது 'கல்லு' என்கிறாரா? அப்படியென்றால் யாரோ அவரோடு பேசுகிறார்கள். 2013-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, பியர் சுவைத்துக் குறிப்பெழுதும் இரண்டு இணையதளங்களின் பல வருஷப் பதிவுகளை எடுத்து இதைத்தான் பார்த்தது. புதியவர்கள் முதலில் கூட்டத்தின் சொற்களை வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள், ஒரு கட்டத்துக்குப் பிறகு மாறுவதை நிறுத்திவிட்டார்கள், கூட்டத்தின் பேச்சோ மேலே நகர்ந்துகொண்டே இருந்தது.

இதிலிருந்து நமக்கு ஒரு பிசகு தெரியும். பழைய ஆட்களின் பதிவுகளை மட்டும் மாதிரி எடுத்தால், அந்தக் குழு முன்பு எப்படிப் பேசியது என்பதுதான் கிடைக்கும்.

11. யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று கோடு போடுங்கள்

சொல் ஒத்துப்போவதால் மட்டும் கூட்டமாகிவிடாது. ஒரு தாளில் 'ஆள் 1', 'ஆள் 2' என்று வட்டம் போட்டு, பதில் சொன்னவர்களுக்கு இடையே கோடு இழுங்கள். எல்லாக் கோடும் ஒரே வட்டத்துக்குப் போனால் அது ஒருவரின் ரசிகர் மன்றம். கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வலை பின்னியிருந்தால் கூட்டம். முப்பது நாற்பது பேருக்குத் தாளே போதும். நூற்றுக்கணக்கில் போனால் கெஃபி என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள், பெல்ஜியத்தில் 2008-இல் உருவான லூவான் முறையை வைத்து அது தானாகவே உட்கூட்டங்களைப் பிரித்துக் காட்டும்.

12. பேச்சை வைத்து ஜாதி பார்க்காதீர்கள்

இதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பேச்சை எடுத்தால் அப்பச்சி, ஆத்தா, ஆச்சி என்ற சொற்களில் சமூகத்தின் சாயல் தெரியும். அதை வைத்து 'இவர் இன்னார்' என்று பட்டியல் போடத் தோன்றும். போடக் கூடாது. முதலாவது, தவறாகப் போகும். பெரிய வீடுகளில் தலைமுறையாகச் சமைத்தவர்கள், கொத்து வேலை பார்த்தவர்கள், கல் போட்டவர்கள் எல்லோரும் அதே சொற்களைத்தான் பேசுகிறார்கள். வளவு ஒழுகுவதைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தவர் அந்த மாதிரி ஒரு வீட்டில் ஒருநாளும் குடியிருந்ததில்லை, நாற்பது வருஷம் அதன் ஓட்டின் மேல் நின்றவர். இரண்டாவது, அப்படி ஒரு பட்டியல் வேறு யார் கையிலாவது சிக்கினால் அதில் உள்ளவர்களுக்குத்தான் கஷ்டம். நாம் தேடுவது ஒரே மாதிரி யோசிப்பவர்களை, ஒரே வீட்டில் பிறந்தவர்களை இல்லை.

13. உள்ளே போய் ஒரு கேள்வி கேளுங்கள்

தேர்ந்தெடுத்த குழுவில் சேர்ந்ததும் ஒரு வாரம் படிக்க மட்டும் செய்யுங்கள். அப்புறம் உங்களுக்கு உண்மையாகவே இருக்கிற ஒரு பிரச்சினையைக் கேளுங்கள், உங்கள் பேச்சிலேயே. எண்ணிக் கண்டுபிடித்த சொற்களையெல்லாம் ஒரே வரியில் அடுக்காதீர்கள். கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவன் அப்படித்தான் எழுதினான், யாருமே பதில் சொல்லவில்லை. இரவல் சட்டை தோளில் நிற்காதது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது, பாட்டி வீட்டுக் கல்லுல ஆசிட் ஊத்திட்டாங்க, வெளுத்துப் போச்சு" என்று படத்தோடு போட்டான். அது சிமெண்டும் மணலும் நிறக்கலவையும் சேர்த்துக் கண்ணாடி மேல் வார்த்து, சுடாமல் தண்ணீரில் போட்டு இறுக வைக்கிற கல், ஆசிட் அதை அரிக்கும். ஒருத்தர் திட்டினார். திட்டிவிட்டு, இனிமேல் தண்ணி மட்டும் ஊற்று, காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடை என்று படிப்படியாக எழுதினார்.

பதில் எத்தனை வருகிறது என்று எண்ண வேண்டாம், திரும்பக் கேள்வி கேட்கிறார்களா என்று பாருங்கள். கொட்டான் அக்கா, "முடைஞ்ச ஓரம் பிரிஞ்சு வருது" என்று ஒரு படம் போட்டார். ஒரு குழுவில் பன்னிரண்டு பேர் 'அழகா இருக்கு அக்கா' என்றார்கள். இன்னொன்றில் மறுநாள் காலையில் ஒரே ஒரு பதில் வந்திருந்தது: "ஓலை குருத்தா, முத்தலா? நனைச்சு எவ்வளவு நேரம் வச்சீங்க?" அக்கா போனை என்னிடம் நீட்டிக் காட்டிவிட்டு, நான் படித்து முடிப்பதற்குள் திரும்ப வாங்கிப் பதில் அடிக்க உட்கார்ந்துவிட்டார்.